பழைய டீசல் வண்டிக்கு வீட்டுப் பயோடீசல்: கேமரன் மலைக்கு ஒத்துவருமா?

தானா ராத்தா - கேமரன் மலையின் தேயிலை, காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர் டீசல் வண்டிகள் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. தகுதியுள்ளோருக்கு மாதம் 200 ரிங்கிட் 'புடி மடானி' உதவி அறிவிக்கப்பட்டது. விலை ஏறும்போதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே எழுகிறது: பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பயோடீசலாக்கி வண்டிக்கு ஊற்றலாமா?

பயோடீசல் என்பது எது?

சமையல் எண்ணெயை வடிகட்டி அப்படியே ஊற்றுவது பயோடீசல் அல்ல. எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. அது சரியாகத் தூவப்படாமல் இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படியும்.

எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து, சுமார் 55 முதல் 60 டிகிரி சூட்டில் கலக்கினால் அது இரண்டாகப் பிரியும். கீழே கிளிசரின் தங்கும்; மேலே நிற்பதே பயோடீசல். அதையும் நீரில் அலசி, ஈரம் போக உலர்த்த வேண்டும்.

நம் நாட்டுக்கு இது புதிதல்ல. செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் ஆய்வு 1982-லேயே தொடங்கியது. இன்று எண்ணெய் நிலையங்களில் விற்கும் டீசலில் ஏற்கெனவே செம்பனைப் பயோடீசல் கலந்திருக்கிறது. 'பி10' என்றால் 10 விழுக்காடு, 'பி7' என்றால் 7 விழுக்காடு.

ஆதரிப்போர் சொல்வது

பழைய எஞ்சின்களில் நவீன வண்டிகளில் உள்ள காமன் ரெயில், புகை வடிகட்டி போன்ற நுட்பமான பாகங்கள் இல்லை. பயோடீசலுக்கு வழவழப்புத் தன்மை அதிகம், கந்தகம் மிகக் குறைவு, கரும்புகையும் குறையும். கால்வாயில் கொட்டப்படும் எண்ணெய் பயன்படுகிறது என்பதும் நியாயமான வாதமே.

எதிர்ப்போர் சொல்வது

பழைய வண்டியிலேயே பழைய ரப்பரும் இருக்கிறது. பயோடீசல் பட்டால் சாதாரண ரப்பர் குழாய்களும் சீல்களும் நாளடைவில் ஊதி, இளகி, ஒழுகத் தொடங்கும். டாங்கியில் பல ஆண்டுகளாகப் படிந்த கசடை அது கரைத்து, ஃபில்டரை அடைத்துவிடும்.

லேண்ட் ரோவரின் பழைய 2.25 லிட்டர் டீசல் எஞ்சினில் உள்ள சி.ஏ.வி. சுழல் பம்புக்கு எரிபொருளே மசகு. சரியாக மாறாத எண்ணெயோ, மிஞ்சிய சோடாவோ, தண்ணீரோ உள்ளே போனால் முதலில் அடிபடுவது அந்தப் பம்புதான். டீசலில் மிச்சம் பிடித்த காசைவிட அதைப் பழுதுபார்க்கும் செலவு அதிகமாகிவிடும். ஒரு லிட்டர் பயோடீசலின் ஆற்றலும் டீசலைவிடச் சற்றுக் குறைவு.

மலைக்குளிர்

கேமரன் மலைக்கு முக்கியமான விஷயம் இதுதான். தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. செம்பனைப் பயோடீசல் ஏறக்குறைய 15 டிகிரியிலேயே மங்கி, மெழுகுபோல் கட்டத் தொடங்கும். இங்கு விடியற்காலைக் குளிர் அந்த அளவை எளிதில் தொடும். 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி 7.8 டிகிரி வரை இறங்கியது. கீழ்நாட்டில் பி10 விற்கும்போது குளிர்மலைப் பகுதிகளுக்கு பி7 வழங்கப்படுவதற்குக் காரணமும் இதுவே. ஈப்போவில் ஓடும் கலவை இங்கே காலையில் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

கணக்கையும் கவனிக்க வேண்டும். 80 லிட்டர் பி7-உடன் 20 லிட்டர் வீட்டுப் பயோடீசல் சேர்த்தால் டாங்கியில் இருப்பது பி20 அல்ல. 25 விழுக்காட்டுக்கும் மேல்.

காய்ச்சும் ஆபத்து

மெத்தனால் கடும் நஞ்சு. மூச்சு வழியும் தோல் வழியும் உடலில் ஏறும், கண்பார்வையைப் பறிக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட போலி மதுவில் இருந்தது இதுதான். சுமார் 65 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. சமையலறையிலோ கேஸ் அடுப்பிலோ பிள்ளைகள் நடமாடும் இடத்திலோ இதைச் செய்யவே கூடாது.

சட்டமும் உண்டு. 2007-ஆம் ஆண்டு மலேசிய உயிரி எரிபொருள் தொழில் சட்டத்தின்படி தயாரிப்புக்கும் கலப்புக்கும் உரிமம் தேவை.

என்ன செய்யலாம்?

பயன்படுத்திய எண்ணெயை வடிகட்டிச் சேர்த்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் விற்பதே பாதுகாப்பான வழி. அது தொழிற்சாலையில் முறையாகப் பயோடீசலாகும்.

வண்டியில் ஏற்கெனவே ஊற்றியிருந்தால் எரிபொருள் குழாய்களைச் சோதித்து, பயோடீசல் தாங்கும் குழாயாக மாற்றுங்கள். கைவசம் கூடுதல் ஃபில்டர் வைத்திருங்கள். டாங்கியின் அடியில் தேங்கும் நீரை வடித்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஓடாமல் நிற்கும் வண்டியில் பயோடீசலை விட்டுவைக்க வேண்டாம். நீரை உறிஞ்சி, புளித்துக் கெட்டுவிடும். புதிய காமன் ரெயில் வண்டியாக இருந்தால், இந்தப் பரிசோதனையே வேண்டாம்.