குரல் ஒருவருடையது, ஆட்டம் இன்னொருவருடையது

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் நாலு பேர் ஒரே அறையில் தங்கி வேலைக்குப் போய்வந்த காலம். துபாயிலிருந்து லீவில் வந்த நண்பர் ஒருவரின் டேப் ரெக்கார்டரில்தான் போனி எம் குழுவை முதலில் கேட்டேன். 'டாடி கூல்' பாட்டில் வரும் அந்தக் கட்டைக் குரல் ஆளை அசத்திவிட்டது. கேசட் உறையில் மூன்று பெண்களோடு இருந்த சுருட்டை முடிக்காரர் பாபி ஃபாரெல்தான் பாடுகிறார் என்று நம்பினேன்.

அந்தக் குரல் அவருடையது அல்ல என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பாடியவர் ஜெர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன். 1975இல் ஒரு பாட்டைத் தானே பல குரல்களில் பாடிப் பதிவு செய்து, டிவி தொடரில் வந்த 'போனி' என்ற துப்பறிவாளர் பெயரோடு ஒரு 'எம்' சேர்த்து வெளியிட்டார். பாட்டு ஓடியது. மேடைக்கு முகம் வேண்டுமே! கரீபியன் தீவுகளைச் சேர்ந்த நால்வரைச் சேர்த்தார். 1976இல் முதல் ஆல்பம் 'டேக் தி ஹீட் ஆஃப் மீ' வந்தது. லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவரும் உண்மையாகவே பாடினார்கள். மெய்ஸி வில்லியம்ஸும் பாபியும் பதிவில் பாடவில்லை.

ஆனால் பாபி ஆடியதைப் பாருங்கள்! திறந்த சட்டையும் பூட்ஸுமாக, சாமி வந்தவர் போல் சுழல்வார். டிவியில் அதைப் பார்த்த ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள். 'டாடி கூல்' ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது.

ஏமாந்துவிட்டோமே என்று எனக்கு முதலில் கோபம்தான். பிறகு யோசித்தேன். டி.எம்.எஸ். பாட, சிவாஜி வாயசைத்ததை நாம் ரசிக்கவில்லையா? வித்தியாசம் ஒன்றுதான். நமக்கு இருவர் பெயரும் தெரியும், இருவருக்கும் கைதட்டினோம். அங்கே அதை மறைத்ததுதான் தப்பு. இதே ஃபாரியன் பின்னால் உருவாக்கிய மில்லி வனில்லி இரட்டையரின் கிராமி விருது, இதே காரணத்தால் 1990இல் பறிக்கப்பட்டது. அவமானப்பட்டவர்கள் மேடையில் நின்ற அந்த இரு இளைஞர்கள்.

பாபி கடைசிவரை ஆடினார். 2010 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நிகழ்ச்சி முடித்துவிட்டு ஓட்டல் அறைக்குப் போனவர், மறுநாள் காலை எழவில்லை. வயது 61.

இப்போதும் அந்தப் பாட்டைக் கேட்டால் ஃபாரியனின் குரல் காதில் விழுகிறது. கண்ணில் நிற்பது என்னவோ பாபிதான்.