மைண்ட் த கேப்: லண்டன் பிளாட்பாரத்தில் ஒலித்தது யாருடைய குரல்?

ரயில் நிலையத்தில் ஒலிக்கும் பதிவு செய்த குரல் எந்த ஊர்க்காரருடையது? யாரைக் கேட்டாலும், "அதற்கு ஏது ஊர்? அது பொதுவான குரல்" என்றுதான் சொல்வார்கள். அந்தப் "பொதுவான குரல்" எங்கிருந்து வந்தது என்று பார்க்க லண்டன் சுரங்க ரயில் ஒரு நல்ல உதாரணம்.

லண்டனின் பழைய சுரங்க நிலையங்கள் சிலவற்றில் பிளாட்பாரம் வளைவாக இருக்கும். ரயில் பெட்டியோ நேரானது. அதனால் இரண்டுக்கும் நடுவே கால் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி விழும். இதை ஊழியர்கள்தான் பயணிகளுக்கு வாயால் சொல்லி எச்சரித்து வந்தார்கள். 1968 வாக்கில் அந்த வேலையை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். அன்று ஒலியை டிஜிட்டலாகச் சேமிக்க ஏகப்பட்ட செலவு. எனவே வாசகம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு லாபம். அப்படிப் பிறந்ததுதான் "மைண்ட் த கேப்". இடைவெளி இருக்கிறது, பார்த்து! மூன்றே சொற்கள்.

இந்த ஒலிப்பதிவு பற்றி ஒரு வேடிக்கையான கதை உண்டு. முதலில் பேசிய நடிகர் ராயல்டி கேட்டாராம். கருவியைச் சரிபார்க்க ஒலிப்பதிவாளர் பீட்டர் லாட்ஜ் தானே பேசிய பதிவு கையில் இருந்தது. அதையே போட்டுவிட்டார்கள்! பிறகு நார்தர்ன் பாதையில் ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகரின் குரல் வந்தது. பிக்காடிலி பாதையில் பல ஆண்டுகள் ஒலித்தது நடிகர் டிம் பென்டிங்கின் குரல். பிபிசி வானொலித் தொடரில் 1982 முதல் விவசாயி வேடத்தில் நடித்து வரும் இவர், தந்தை இறந்தபின் 1997இல் 12வது போர்ட்லண்ட் பிரபு ஆனார். ஆக, பிக்காடிலி பயணிகளைக் கொஞ்ச காலம் எச்சரித்தது ஒரு நிஜமான பிரபு!

ஊர் இல்லாத உச்சரிப்பு

லாரன்ஸும் பென்டிங்கும் பேசிய உச்சரிப்புக்கு "ரிசீவ்ட் ப்ரொனன்சியேஷன்" என்று பெயர். மொழியியலாளர் டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் இதைப் "பப்ளிக் ஸ்கூல்" உச்சரிப்பு என்றே குறிப்பிட்டார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இங்கிலாந்தில் பப்ளிக் ஸ்கூல் என்றால் பணக்காரப் பிள்ளைகள் கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளி. 1926இல் ஜோன்ஸ் பெயரை மாற்றினார். பெயரிலிருந்து பள்ளி மறைந்தது. வர்க்கம் மறையவில்லை.

அதே 1926இல் பிபிசி, பேச்சு மொழிக்காக ஓர் ஆலோசனைக் குழு அமைத்தது. ஜோன்ஸும் அதில் உறுப்பினர். செய்தி வாசிப்பவர் என்றால் இந்த உச்சரிப்புதான் என்ற வழக்கம் நிலைத்தது. 1941இல் யார்க்‌ஷயரைச் சேர்ந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் தன் ஊர்ப் பேச்சு வாடையோடு தேசியச் செய்தி வாசித்தபோது, இந்தக் குரலில் சொன்னால் செய்தியை எப்படி நம்புவது என்று நேயர்கள் புகார் செய்தார்கள். இத்தனைக்கும் 1970களில் மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் போட்ட கணக்கின்படி, இந்த உச்சரிப்பைப் பேசியவர்கள் பிரிட்டன் மக்களில் வெறும் 3 சதவீதம். மீதி 97 பேரின் பேச்சு "வட்டார வழக்கு". 3 பேரின் பேச்சு "பொது"!

பிளாட்பாரத்தில் நின்றவர்கள்

இனி நிலையத்தில் வேலை செய்தவர்களைப் பார்ப்போம். காக்னி பேசிய லண்டன் தொழிலாளிகள் அங்கே இருந்தார்கள். ஆள் பற்றாக்குறையால் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 1956 முதல் கரீபியன் தீவான பார்படோஸுக்கே போய் ஆள் எடுத்தது. கப்பல் ஏறி வந்தவர்கள் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அதே நகரத்தின் யூஸ்டன் ரயில் நிலையத்தில் 1966 வரை கறுப்பினத்தவருக்குக் கார்டு வேலையும் டிக்கெட் வாங்கும் வேலையும் கிடையாது. துப்புரவு வேலை பார்க்கலாம், பயணிகள் முன்னால் மட்டும் வரக்கூடாது. டொமினிக்காவிலிருந்து வந்த அஸ்குவித் சேவியர் என்ற கார்டு போராடித்தான் அந்தத் தடை உடைந்தது. இரண்டே ஆண்டு கழித்து அதே நகரத்தின் சுரங்க நிலையங்களில் இயந்திரம் பேச ஆரம்பித்தது.

பார்படோஸ்காரர் குரல் வேண்டாம் என்று யாரும் உத்தரவு போட்டிருக்கத் தேவையில்லை. நல்ல குரல் என்றால் நடிகர் குரல், நடிகர் குரல் என்றால் அந்த உச்சரிப்பு. யோசிக்காமலே நடந்துவிடும். வர்க்கம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது.

மிஞ்சிய குரல்

லாரன்ஸ் 2007இல் காலமானார். அவர் மனைவி எம்பேங்க்மென்ட் நிலையத்துக்குப் போய், கணவரின் குரலைக் கேட்பதற்காகவே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பார். 2012 இறுதியில் புதிய அறிவிப்பு வந்து அந்தக் குரல் நின்றது. அவர் கேட்டுக்கொண்டதும் ஊழியர்கள் பழைய பதிவைத் தேடிக் கொடுத்தார்கள். 2013இல் அந்த ஒரு பிளாட்பாரத்தில் மட்டும் லாரன்ஸ் மறுபடி பேசினார். கேட்பவர் கண் கலங்கும் சம்பவம்தான்.

ஆனால் இயந்திரம் வருவதற்கு முன்னால், தினமும் தொண்டை வறள "பார்த்து, பார்த்து" என்று எச்சரித்த ஊழியர்களுக்கும் மனைவி மக்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் போய்க் கேட்க ஒரு பிளாட்பாரம் இல்லை. அந்தக் குரல்கள் ஷிப்டு முடிந்ததும் முடிந்துவிட்டன.