சிந்து வணிகர் கண்ட துறைமுகங்கள்

பம்பாயிலும் தில்லியிலும் வாழும் நாம் சிந்தி வணிகரை நன்கு அறிவோம். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் ஊரிழந்து வந்தவர் என்றே அவரை எண்ணிப் பழகிவிட்டோம். ஆயின் அவருள் ஒரு சிறு கூட்டத்தார், அதற்கு எண்பது ஆண்டுகட்கு முன்னரே அயல்நாட்டுத் துறைமுகங்களில் கடை வைத்திருந்தனர்.

அவர்தம் ஊர் சிந்து நாட்டு ஹைதராபாத், நிஜாமின் தலைநகரன்று. 1843-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றவே, தால்பூர் மீர்களின் அரசவை கலைந்தது. அவ்வரசவையை நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்துவந்த பாய்பந்து வகுப்பாருக்குப் பிழைப்புப் போயிற்று. அவ்வூர் ஆமில் வகுப்பாரோ அரசாங்க எழுத்து வேலையையே நாடினர். கோப்புகளிடையே காலங்கழிக்கும் நமக்கு அது வியப்பளிக்காது. பாய்பந்துகள் சிந்துக் கைவினைஞரின் பூத்தையல் துணிகளையும் அரக்கு வேலைப் பொருள்களையும் பம்பாய்க்குக் கொண்டுசென்று வெள்ளையரிடம் விற்றனர். ‘சிந்து வொர்க்’ என்று அச்சரக்குக்கு வழங்கிய பெயரால் விற்றவரும் ‘சிந்துவொர்க்கி’ ஆயினர்.

1860-ஐ ஒட்டி அவர்கள் எகிப்து சென்றனர். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், கப்பல் நிற்குமிடமெல்லாம் அவர் கடை எழுந்தது: மால்ட்டா, ஜிப்ரால்ட்டர், சிங்கப்பூர், பிற்காலத்தில் பனாமா. ஊர்ச் சரக்கு போதாமற்போகவே ஜப்பானியப் பட்டை வாங்கி விற்றனர்.

கடை எங்கிருப்பினும் தலைமை நிலையம் ஹைதராபாத்தே. ஊழியரும் அங்கிருந்தே இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சென்றனர். மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தனர். யோகோஹாமாவில் கணக்கில் கைவைத்தவன் என்றேனும் தன் தெருவுக்குத் திரும்பியே ஆகவேண்டும். எழுதாத பிணை அது. அப்பிணையின் விலையைத் தனிமையாகக் கொடுத்தவர் பெண்களே. வணிக வரலாறுகள் அதனை அதிகம் பேசுவதில்லை.

1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் யோகோஹாமா அழிந்தது. வணிகர் பலர் கோபே நகருக்குப் பெயர்ந்தனர். அந்நாளில் நகரத்தார் செய்த உதவிக்கு நன்றியாக இந்திய வணிகர் எழுப்பிய நீரூற்று மண்டபம் யோகோஹாமாவின் யாமாஷிதா பூங்காவில் இருக்கிறது.

1947-இல் சிந்து முழுவதும் பாகிஸ்தானாயிற்று. தலைமை நிலையங்கள் பல பம்பாய்க்கு மாறின. கல்யாண் அருகே படையினர் விட்டுச்சென்ற முகாமில் அகதிக் குடும்பங்கள் தங்கின, அதுவே உல்லாஸ்நகர். கடல் கடந்த கடைகள் நிலைத்தன. ஒப்பந்தம் முடிந்து திரும்ப வேண்டியவருக்கோ திரும்புதற்கு ஊர் இல்லை. மனைவி மக்களைக் கடையிருந்த நாட்டுக்கே அழைத்துக்கொண்டோர் பலர்.