கான்ஸ் புல்லும் சங்கிலி டிராக்டரும்: காடு திருத்திய ஒரு காலத்தின் கதை

என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தார். மத்தியப் பிரதேசத்தின் தமோ மாவட்டத்தில் அவருக்குத் தந்தை வழியில் வந்த 9 ஏக்கர் நிலம் 15 ஆண்டுகளாக உழவின்றிக் கிடக்கிறது. மேட்டுப் பகுதியில் புரசும் உண்ணிச்செடியும் ஆளுயரத்துக்கு மேல் மண்டிவிட்டன. தாழ்வான பகுதி முழுவதும் நாணல் போன்றதொரு புல். திருத்திப் பாதியைப் பயிருக்கும் மீதியை மரத்தோப்புக்கும் ஒதுக்க எண்ணுகிறார். "நீங்கள் டிராக்டரைப் பற்றித்தானே ஆராய்கிறீர்கள்? எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்றார். நான் ஆராய்வது டிராக்டரை அன்று, டிராக்டர் நுழைந்த நிலங்களின் வரலாற்றை என்று விளக்க முயன்று தோற்றேன். ஆயினும் நிலம் இருக்கும் இடத்தைக் கேட்டதும் ஒன்று நினைவுக்கு வந்தது. இதே கேள்வியை, இதே மண்ணை முன்வைத்து, இந்திய அரசே ஒருமுறை கேட்டுக்கொண்டது. விடையைத் தேடி உலக வங்கியின் வாயில் வரை சென்றது. அவரிடம் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் புல். வடக்கே கான்ஸ் என்பார்கள்; நாம் நாணல் என்றும் பேய்க்கரும்பு என்றும் சொல்கிறோம். தாவரவியலார் இட்ட பெயர் சக்காரம் ஸ்பொன்டேனியம். கரும்பின் நெருங்கிய உறவு. மேலே வெண்சாமரம் போலப் பூத்து நிற்கும், அழகுதான். கீழேயோ தடித்த கிழங்குத் தண்டுகளை ஆழத்தில் ஓடவிட்டு மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்ளும். மாட்டு ஏர் அரையடி ஆழம்கூடப் போகாது. ஆகவே உழவன் உழ உழ, தண்டு துண்டாகிறது. ஒவ்வொரு துண்டும் தனிப் புல்லாக முளைக்கிறது. உழவே களையைப் பெருக்கும் விசித்திரம் இங்கே உண்டு. பஞ்சத்தாலோ கொள்ளைநோயாலோ ஓரிரு ஆண்டுகள் உழவு நின்றால் போதும், வயல் கான்ஸின் வசமாகிவிடும். புந்தேல்கண்டின் நிலவரி ஆவணங்களைப் புரட்டுவோருக்கு இப்புல்லின் பெயர் ஒரு தீராத புலம்பலாகவே கேட்கும்.

இடையில் ஒரு செய்தி. வடக்கே உழவனைக் குடிபெயர வைத்த இதே புல்லைத்தான் கோயம்புத்தூரில் சார்லஸ் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் கரும்போடு மணம் முடித்தனர். 1912இல் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், 'வெள்ளை' என்ற நாட்டுக்கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து உருவான கோ 205 என்னும் இரகம் 1918இல் வெளிவந்தது. வட இந்தியக் குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலிமை அதற்குக் காட்டுத் தந்தையிடமிருந்து கிடைத்தது. வேரோடு ஒழிக்க வேண்டிய பகையாக ஓரிடத்திலும், வரமாக மற்றோரிடத்திலும் ஒரே புல் நின்றது.

இனி டிராக்டருக்கு வருவோம். 1943இல் வங்கப் பஞ்சம், 1947இல் பிரிவினை. மேற்குப் பஞ்சாபின் கால்வாய்ப் பாசனக் கோதுமையும் சிந்துவின் நெல்லும் எல்லைக்கு அப்பால் போயின. அகதிகள் இப்பால் வந்தனர். 1951 முடிவுக்குள் உணவு இறக்குமதியை நிறுத்துவதாக நேரு அறிவித்தார். புதிய நிலம் வேண்டும் என்ற தேடலில் அதிகாரிகளின் பார்வை இரண்டு இடங்களில் விழுந்தது. ஒன்று, மத்திய இந்தியாவில் கான்ஸ் மூடிய கரிசல். மற்றொன்று, இமயத்தின் அடிவாரத்தில் மலேரியா காவல் காத்த தராய்.

மத்திய டிராக்டர் அமைப்பு என்ற பெயரில் ஒரு நிறுவனம் உருவாயிற்று. தொடக்கத்தில் அதன் கையிலிருந்தவை, இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கப் படை விட்டுச்சென்ற இயந்திரங்கள். விமானதளமும் சாலையும் அமைக்க வந்தவை அவை. உழவுக்கென்று பிறந்தவை அல்ல. உதிரிபாகம் கிடைப்பது அரிது. ஒரு வண்டியை ஓட்ட இன்னொரு வண்டியைப் பிரிக்க வேண்டிய நிலை. இவற்றை நம்பிப் பருவத்தைத் திட்டமிட முடியாது என்பது விரைவிலேயே விளங்கிவிட்டது.

எந்த டிராக்டர் என்ற கேள்வி அப்போதுதான் கூர்மை பெற்றது. கான்ஸை வெல்ல ஓரடிக்கு மேல் ஆழமாக உழ வேண்டும். அதுவும் கோடையில் உழ வேண்டும். புரட்டிப் போட்ட கட்டிகளில் தண்டுகள் வெயிலில் காய்ந்து சாக வேண்டும். கோடைக் கரிசலோ கல். அக்கல்லில் ஓரடி ஆழம் கலப்பையை இழுக்க, அன்று உலகெங்கும் புகழ்பெற்றிருந்த ஃபெர்குசன் டிஇ 20 போன்ற சிறு சக்கர டிராக்டரால் ஆகாது. அதன் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். திறன் 20 குதிரைசக்திக்குச் சற்று மேல். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். தேவைப்பட்டது கேட்டர்பில்லர் டி7, டி8 போன்ற சங்கிலிப்பட்டை வண்டி. டி8 ஒன்றின் எடை 15 டன்னுக்கு மேல். பட்டை அகலமாக இருப்பதால் அவ்வளவு எடையும் பரவி விழுகிறது, பிடிப்பும் கிடைக்கிறது. மழை விழுந்துவிட்டால் அதே வண்டி கரிசல் சேற்றில் புதையும். எனவே குளிர்காலம் தொடங்கிப் பருவமழைக்கு முன்புவரை உள்ள சில மாதங்களே வேலை நாட்கள். அந்நாட்களில் ஒரு வண்டி பழுதாகி நின்றால் அந்த ஆண்டே போயிற்று. வண்டியின் விலையைவிடப் பணிமனையும் உதிரிபாகக் கிடங்கும் பயிற்சி பெற்ற ஓட்டுநருமே முடிவைத் தீர்மானித்தனர்.

1949 செப்டம்பரில் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் தந்தது. இந்தியா அவ்வங்கியிடம் பெற்ற இரண்டாவது கடன் அது. முதலாவது, அதற்கு முந்தைய மாதம் இரயில்வேக்கு. சுதந்திர இந்தியாவின் வளர்ச்சிக் கடன்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அணைகளிலிருந்து தொடங்குகிறார்கள். அணைக்கு முன்னரே ஒரு புல்லை ஒழிக்கக் கடன் வாங்கினோம் என்பதை யாரேனும் நினைவூட்ட வேண்டும்.

நிலம் திருந்தியது. ஆயினும் டிராக்டர் போனபின் ஆண்டுதோறும் விடாமல் உழுது பயிரிட்டால்தான் கான்ஸ் திரும்பாது. இரும்பு செய்தது முதல் நாள் வேலையை மட்டுமே. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஜபல்பூர், நர்சிங்பூர் பக்கத்து ஹவேலி வயல்கள் நினைவுக்கு வரும். அங்கே உழவர்கள் வயலைச் சுற்றி உயரமான கரை எடுத்து, மழைக்காலம் முழுவதும் நீரைத் தேக்கி வைப்பர். மழை ஓய்ந்ததும் நீரை வடித்துவிட்டு, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பர். மாதக்கணக்கில் நீரில் மூழ்கிய கான்ஸ் தண்டு அழுகிவிடும். ஆங்கிலேய அதிகாரிகளே கரை எடுப்பதைக் கான்ஸுக்கு மருந்தாகக் கண்டனர். இம்முறை எல்லா நிலத்துக்கும் பொருந்தாது. சரிவான நிலத்தில் நீர் நிற்காது, கரை எடுக்க ஆளும் பணமும் வேண்டும். ஆனால் 1949இல் அவசரம் அரசின் கழுத்தைப் பிடித்திருந்தது. அவசரத்தில் இருப்பவன் கண்ணுக்கு மண்வெட்டி தெரியாது.

அதே ஆண்டுகளில் பிரிட்டன் தன் ஆப்பிரிக்கக் குடியேற்றமான தாங்கனிக்காவில் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் காட்டை அழித்து நிலக்கடலை விளைவிக்கப் புறப்பட்டது. அங்கும் போர் மிச்ச டிராக்டர்கள்தாம், பிலிப்பைன்சிலிருந்து வந்தவை. ஷெர்மன் பீரங்கி வண்டியின் உறுப்புகளைக் கொண்டு 'ஷெர்விக்' என்ற டிராக்டரும் செய்து பார்த்தார்கள். கொங்வாவின் புதரும் வேரும் வண்டிகளை முறித்தன. காடு அகன்ற பின் களிமண் வெயிலில் இறுகி, விளைந்த கடலையைப் பிடுங்கவே விடவில்லை. 1951 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. மண்ணைப் பாராமல் வண்டியைப் பார்த்ததன் விலை அது. இதனோடு ஒப்பிட்டால் கான்ஸ் ஒழிப்பு மிதமான வெற்றி என்றே சொல்வேன். இங்கே அந்த மண்ணில் என்ன விளையும் என்பது உழவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

தராயின் கதை வேறு. நைனிடால் மாவட்டத்துத் தராயில் வண்டிக்கு முன் டிடிடி செல்ல வேண்டியிருந்தது. 1949இல் உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியாக் குழு அங்கே பணி தொடங்கியது. யானை மறையும் உயரமான புல்லும் சதுப்பும் இடையிடையே மரமுமாக இருந்த நிலத்தைக் கனரக வண்டிகள் திறந்தன. பஞ்சாபிலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் குடியேறின. ருத்ரபூர் நகரமாயிற்று. 1960 நவம்பரில் பந்த்நகரில் நாட்டின் முதல் வேளாண் பல்கலைக்கழகத்தை நேரு திறந்து வைத்தார். இது வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் மலேரியாவோடு வாழப் பழகி, அக்காட்டில் தலைமுறைகளாக இருந்த தாரு, புக்சா மக்களுக்கு அது தரிசு நிலமன்று. நிலத்துக்கு விலையும் பத்திரமும் வந்தபின், அவர்களுடைய வயல்கள் கடனுக்கும் ஏமாற்றுக்கும் கைமாறின. 'திருத்துதல்' என்ற சொல் யாருடைய பிழையைத் திருத்துகிறது என்பது எனக்கு இன்றுவரை உறுத்தும் கேள்வி.

தண்டகாரண்யத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். அது தனிப் பதிவுக்குரியது. 1958இல் தொடங்கிய திட்டம். கிழக்கு வங்க அகதிகளுக்காகக் கோராபுட், பஸ்தர் பகுதிகளில் ஆதிவாசிகளின் காடுகள் அழிக்கப்பட்டன. மேல்மண் மெலிந்த நிலம் அது. காடு அழிக்கும் எவருக்கும் தெரிய வேண்டிய பாடம் ஒன்று இங்கே உண்டு. டோசரின் முன்னால் தட்டையான தகடு இருந்தால், அது வேரோடு மேல்மண்ணையும் வழித்து ஓரத்தில் குவித்துவிடும். பல் வைத்த வாரி பொருத்தினால் மண் இடுக்கில் உதிர்ந்து தங்கும், வேர் மட்டும் வரும். கனத்த கரிசலில் இந்த வேறுபாடு பெரிதன்று. மெல்லிய செம்மண்ணில் அதுவே வாழ்வும் சாவும். பாசனமும் போதாத அந்நிலத்தில் காலூன்ற முடியாமல், 1978இல் பல்லாயிரம் பேர் சுந்தரவனத்தை நோக்கிப் புறப்பட்டனர். மரிச்சாப்பியில் அவர்களுக்கு நேர்ந்ததை அறிவீர்கள்.

உள்நாட்டில் டிராக்டர் உற்பத்தி தொடங்கியபோது காட்சி மாறியது. 1959இல் ஃபரீதாபாத்தில் ஐஷர், தொடர்ந்து சென்னையில் டாஃபே, பிறகு மகிந்திரா. இவை செய்தவை சிறிய, நடுத்தரச் சக்கர வண்டிகள். காடு திறக்கும் காலம் முடிந்து, திறந்த நிலத்தை ஆண்டுதோறும் பேணும் காலம் வந்திருந்தது. தராயில் இதன் விளைவை இன்றும் காணலாம். 1980களில் தீப்பெட்டி நிறுவனமான விம்கோ அங்கே பாப்லர் மரத்தை உழவர்களிடையே பரப்பியது. மரத்தைப் பெயர்த்த நிலத்தில் மீண்டும் மரம், இம்முறை நூல் பிடித்த வரிசையில். இடைவெளியில் கோதுமையும் கரும்பும். அக்கரும்பின் உடலில் கான்ஸின் இரத்தம். வரிசைகளுக்கிடையே சிறு டிராக்டர் ஒன்று சட்டிக் கலப்பையோடு நகர்ந்துகொண்டிருக்கும்.

நண்பருக்கு நான் சொன்னது இதுதான். திறப்பதற்கு ஒரு வண்டி, பேணுவதற்கு ஒரு வண்டி. இரண்டையும் ஒன்றில் தேடாதீர்கள். திறக்கும் வண்டியை வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். பொக்லைன் ஒன்று சில நாட்களில் புரசுத் தூர்களைப் பெயர்த்துவிடும். எந்த மரத்தை வெட்ட அனுமதி வேண்டும் என்பதை முன்னதாக வருவாய் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த டிராக்டரில் சங்கிலி கட்டி அடிமரத்தை இழுக்கும் ஆசை வேண்டாம். கட்டு சற்று உயரத்தில் அமைந்தால் வண்டி பின்புறமாகப் புரண்டு ஓட்டுபவர் மேல் விழும். உண்ணிச்செடிக்கு வண்டியே தேவையில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி. ஆர். பாபு வகுத்த முறைப்படி, முதன்மை வேரை மண்ணுக்குச் சற்றுக் கீழே வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும். பேணுவதற்கு 40 முதல் 45 குதிரைசக்தியில் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி கரிசலுக்கு ஏற்றது. ஆனால் கடைக்காரர் ரோட்டவேட்டரைத் தலையில் கட்டப் பார்த்தால், நாணல் உள்ள பகுதியில் அதை இறக்காதீர்கள். தண்டைத் துண்டு துண்டாக்கி வயல் முழுவதும் விதைத்துவிடும். பழைய மாட்டு ஏர் செய்த பிழையை அது வேகமாகச் செய்யும்.

தாழ்வான பகுதியை என்ன செய்வது என்று கேட்டார். ஹவேலி வயல்களைப் பற்றிச் சொன்னேன். நம்பிக்கையில்லாமல் தலையசைத்துவிட்டுப் போனார். சென்ற வாரம் ஊரிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். உண்ணிச்செடியை அகற்றியபோது அடியில் நீளமான மண்மேடு ஒன்று தென்பட்டதாம். பாட்டனார் காலத்துக் கரை அது என்று ஊர்ப் பெரியவர் சொல்லியிருக்கிறார். இரண்டு இடங்களில் உடைந்திருக்கிறது. உடைப்பை அடைக்க எத்தனை வண்டி மண் வேண்டும் என்று இப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.