ஆட்டுக்கல்லும் கிரைண்டரும்

எங்கள் ஒரகடம் பக்கம் பல வீடுகளில் கொல்லையில் ஆட்டுக்கல் சும்மா கிடக்கும், பரணில் கிரைண்டர் தூங்கும். இரண்டுக்கும் சரித்திரம் உண்டு நண்பர்களே.

1955ல் கோவையில் பி.சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மோட்டாரில் சுழலவைத்தார். பெண்களின் கைவலி குறைந்தது, ஆட்டுக்கல் கொல்லைக்குப் போனது. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி மூன்றையும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. ஆனால் அதற்குள் இங்கே வாழ்க்கை மாறிவிட்டது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது, 2007ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் உற்பத்தி தொடங்கியது. ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு அரிசி ஊறவைத்து, ஆட்டி, கல்லைக் கழுவ நேரம் ஏது? கடையில் பாக்கெட் மாவு!

கணக்குப் பாடத்தில் தேய்மானத்துக்கு உழைப்பு, வழக்கொழிதல் என்று காரணம் படிக்கிறோம். இந்த கிரைண்டர்கள் உழைத்துத் தேயவில்லை. கைவலியைத் தீர்த்த இயந்திரத்தால் நேரத்தைத் தர முடியவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டு கிரைண்டர் கடைசியாக எப்போது ஓடியது?