களத்துச் சுதந்திரம்

நம் இளைஞர் ஈட்டுவதையெல்லாம் கைப்பேசிக்கும் மோட்டார் வண்டிக்கும் தவணை கட்டித் தீர்த்து, தமக்கெனவே வாழ்கின்றனர் என்று நம் குலத்துப் பெரியோர் வருந்தக் கேட்கிறோம். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் செங்கற்பட்டுச் சீமையின் பழங்கணக்கை நோக்கியபின் தீர்ப்புக் கூறுதல் நன்று.

1763-இல் ஆற்காட்டு நவாபு இச்சீமையைக் கும்பினியாருக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் துரை அதனை ஊரூராக அளந்து கணக்கெடுத்தார். அக்காலத்தில் களத்து நெற்குவியலை அரசுக்கும் குடிக்கும் பிரிக்குமுன், கோயில், கணக்கர், கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர் முதலியோர்க்குப் பங்கு எடுத்து வைத்தல் வழக்கம். அப்பங்குக்குச் 'சுதந்திரம்' என்றே பெயர்! இன்று நம் பிள்ளைகள் அச்சொல்லுக்குக் கொள்ளும் பொருள் முற்றும் வேறு. கொழுவுக்கும் கலப்பைக்கும் நம் முன்னோர் அவ்வப்போது விலை பேசியதில்லை. அறுவடையில் குடும்பத்துக்குப் பங்கு வந்தது. தனியொருவன் கையில் காசு புரளாத இடத்தில் தனியொருவன் விருப்பத்துக்கும் இடமேது?

இதனைப் பொற்காலமென்று புகழ நாம் முன்வரோம். கொல்லன் மகனைக் கொல்லனாகவே நிறுத்தியதும் அக்குவியலே. உழுத ஆதிதிராவிட மக்களின் அவலத்தைக் கலெக்டர் திரெமன்ஹீர் 1891-இல் அரசினர்க்கு எழுதியபின்னரே அவர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை 1892-இல் பிறந்தது. தம் காசில் வாங்கிய செருப்பை அணிந்து தெருவில் நடக்கவியலாத மக்கள் தமிழகத்தில் இருந்தனர். அவர்க்கு ஒரு பொருளை வாங்கி அணிதலே விடுதலையாயிற்று. நம்மவர் இதனை எளிதில் மறக்கின்றனர்.

மறைமலை நகரில் 1999-இல் ஃபோர்டு கார்கள் உருவாகத் தொடங்கின. சம்பளம் ஒருவன் பெயரில் வந்தது. கடனும் அவன் பெயரிலேயே எழுதப்பட்டது. 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்றது. களத்தில் விளைவு குறைந்தால் எல்லார் பங்கும் உடன் குறையும், தவணையோ குறைவதில்லை. அதனை ஒருவன் தனித்தே சுமக்கிறான். இளைஞரின் செருக்கைக் காண்போர் இச்சுமையைக் காண்பதில்லை.

மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசினர் சிற்பப் பள்ளியில் எக்குலத்துப் பிள்ளையும் உளி பிடிக்கலாம், கசப்போர் கசக்கட்டும். பயணிகள் கேட்கும் சிறு சிலைகளுக்காகக் கடைக்குக் கடை போட்டியும் உண்டு. ஆயினும் 2017-இல் அவ்வூர்க் கற்சிற்பத்துக்குக் கிடைத்த புவிசார் குறியீடு எவனொருவனுக்கும் சொத்தன்று. அது நெல்லுக்குப் பதிலாக ஊர்ப்பெயரைக் குவித்த களம். அதனைப் பயன்படுத்தும் உரிமையைச் சிற்பியர் தம் பெயரில் பதிந்துகொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. இன்னும் பதியாத நம் இளைஞர் விரைந்து பதிவாராக.