மாறும் வரலாறும் மாறாப் பெயர்ச்சீட்டும்

வரலாற்றைத் திருத்தியெழுதுதல் அரசவைகளுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கணினி நிரல்களில் நிகழும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்னும் கருவியிலும் அது நடைபெறுகின்றது. பிட்கீப்பர் என்னும் கருவியை இலவசமாகப் பயன்படுத்தும் வாய்ப்பை லினக்ஸ் ஆக்குநர் இழந்தமையால், 2005 ஏப்பிரலில் லினஸ் தோர்வால்ட்ஸ் இதனை உருவாக்கினார்.

கிட்டில் ஒவ்வொரு பதிவின் அடையாள எண்ணும் அப்பதிவின் உள்ளடக்கத்தையும் முந்திய பதிவின் அடையாள எண்ணையும் கொண்டு கணிக்கப்படுவது. எனவே பழைய பதிவொன்றை மாற்றின் அதன் வழிவந்த அனைத்தும் வேறு பதிவுகளாகிவிடும். வெளியீடுகளைச் சுட்டுதற்கு இடப்படும் ‘டாக்’ எனும் பெயர்ச்சீட்டோ பழைய பதிவையே சுட்டி நிற்கும்.

இடர்ப்பாடு இங்கேதான் எழுகின்றது. கடவுச்சொல்லொன்று தவறுதலாகப் பதிவேறிவிட்டதெனக் கொள்வோம். கிளைகளைத் திருத்தி அதனை அகற்றியவர் பணி முடிந்ததென எண்ணக்கூடும். ஆயின், பழைய பெயர்ச்சீட்டு ஒன்று எஞ்சியிருப்பினும் அதனைப் பற்றிக்கொண்டு பழைய சங்கிலி முழுவதும் நிலைத்திருக்கும். கடவுச்சொல்லும் அங்கேயே கிடக்கும். ‘ஃபில்டர்-பிராஞ்ச்’ என்னும் பழைய கட்டளை, தனியே பணித்தாலன்றி, குறிப்புரை கொண்ட பெயர்ச்சீட்டுகளைப் புதிய பதிவுகளுக்கு மாற்றுவதில்லை. பணித்தாலோ, அவற்றிலுள்ள கையொப்பத்தை நீக்கிவிடும். இது முறையானதே. செப்பேட்டின் வாசகத்தைப் படியெடுக்கலாம். முத்திரையைப் படியெடுத்தல் மோசடியன்றோ!

பெயர்ச்சீட்டை முன்னரே பெற்றுக்கொண்டோர் நிலை வேறு. அவர்களிடம் பழையதே இருக்கும். ஒரே பெயர் இருவேறு நிரல்களைச் சுட்டும். 2018 டிசெம்பரில் வந்த 2.20 ஆம் பதிப்பு முதல், பிறரிடமிருந்து பெறுகையில், வலிந்து பணித்தாலன்றி இருக்கும் பெயர்ச்சீட்டை மாற்ற கிட் மறுக்கின்றது. வெளியிட்டபின் பிழை கண்டால், அதனை ஒப்புக்கொண்டு வேறு பெயரில் வெளியிடுமாறு கிட்டின் கையேடு அறிவுறுத்துகின்றது. கடுமையாகத் தோன்றினும் நேர்மையான வழி இதுவே.

லினக்ஸின் வரலாறே இதற்குத் தக்க சான்று. அதன் கிட் பதிவேடு 2005 ஏப்பிரல் 16 இல் 2.6.12-ஆர்.சி.2 உடன் தொடங்குகின்றது. முந்திய வரலாறு அதிற் சேர்க்கப்படவில்லை. 2.6.11 என்னும் பெயர்ச்சீட்டு பதிவெதனையும் சுட்டாது, கோப்புத் தொகுதியொன்றையே சுட்டுகின்றது. பழைய வரலாற்றை ஆர்வலர் பின்னர்த் திரட்டினர். அதனை அம்முதற் பதிவின் முன் உண்மையாகவே சேர்த்திருப்பின் அனைத்து எண்களும் மாறி, இடப்பட்ட கையொப்பங்கள் யாவும் பொருளிழந்திருக்கும். ஆகவே விரும்புவோர் தத்தம் பிரதியில் மட்டும் அதனை ஒட்டிக்கொள்கின்றனர். முதற் பதிவு மூதாதையற்றதாகவே நிற்கின்றது.